நான்கு வண்டிகளும் ஒரு பெயரும்

சென்ற திங்கள் இரண்டாம் ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்து நாம் வெளியே வந்தபோது, கெபியின் முன்னே புத்தம் புதிய ஸ்கூட்டர் ஒன்று சாமந்தி மாலையுடன் நின்றுகொண்டிருந்தது. நம் பங்கு மக்களுள் ஒருவர் மனைவி மக்களோடு அருகில் காத்திருந்தார். "சாமி, ஒரு செபம் சொல்லித் தீர்த்தம் தெளிச்சுக் குடுங்க" என்றார். அவ்வண்ணமே செய்தோம். அது அவர்கள் இல்லத்தின் நான்காவது வண்டி. கார் ஒன்று, மூத்த மகன் கல்லூரிக்குச் செல்லும் பைக் ஒன்று, தோட்டத்திலிருந்து புல்லுக்கட்டு ஏற்றிவரும் பழைய மொபெட் ஒன்று, இப்போது வேலைக்குச் செல்லும் மகளுக்காக இந்த ஸ்கூட்டர்.

தீர்த்தச் செம்பை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டு, "இன்சூரன்ஸ் எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா?" என்று பேச்சுவாக்கில் கேட்டோம். "எல்லாம் இருக்கு சாமி. நாலு வண்டியும் என் பேர்லதான். ஒரு வீட்டுக்கு ஒரு பேர் போதாதா?" என்று அவர் சிரித்தார். நம்மால் உடன் சிரிக்க இயலவில்லை. இதே சொல்லை, இதே கேள்வியாக, மற்றொரு தந்தையின் வாயிலிருந்தும் நாம் கேட்டிருக்கிறோம். அதனைப் பின்னர்ச் சொல்லுவோம். ஆயினும் இத்திங்கள் இப்பக்கத்தில் எதை எழுதுவது என்பது அக்கணமே முடிவாகிவிட்டது.

வண்டிக் காப்பீடு பற்றிப் பங்குக் குரு எழுதுவானேன் என்று சிலர் வியக்கலாம். விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். பத்துக் கட்டளைகள் அருளப்பட்ட மறு அதிகாரம் அது. முட்டும் மாட்டைப் பற்றியும், மூடாமல் விடப்பட்ட குழியைப் பற்றியும் அங்கே விரிவாகச் சட்டம் சொல்லப்பட்டிருக்கிறது. மாடு முட்டும் பழக்கமுடையது என்று எச்சரிக்கப்பட்டும் உரிமையாளன் அதைக் கட்டிவைக்காது விட்டு, அது ஒருவரைக் கொன்றுவிட்டால், குற்றம் மாட்டோடு முடிவதில்லை, உரிமையாளனைச் சேருகிறது. குழியைத் திறந்து வைத்தவன், அதில் விழுந்து இறந்த கால்நடைக்கு ஈடு செலுத்த வேண்டும். எவன் உடைமையால் தீங்கு நேர்ந்ததோ அவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பதே நெறி. மாடு போய் மோட்டார் வந்தது, நெறி மாறவில்லை. வேக மோகத்தாலும் குடியாலும் சாலையில் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்போர் கனமான குற்றத்துக்கு உள்ளாகின்றனர் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2290-ஆம் எண்ணில் போதிக்கிறது. 2007-இல் வத்திக்கான் வெளியிட்ட சாலைப் பயணிகளுக்கான மேய்ப்புப்பணி வழிகாட்டியில், வாகன ஓட்டிகளுக்கென்றே பத்துக் கட்டளைகள் தொகுக்கப்பட்டுள்ளன. விபத்தில் சிக்கியவர்களின் குடும்பங்களுக்குத் துணை நிற்பதும் அவற்றுள் ஒன்று.

நம் நாட்டுச் சட்டமும் முதலில் நினைப்பது அந்த அயலாரைத்தான். 1946 ஜூலை முதலே மூன்றாம் நபர் காப்பீடு இங்கே கட்டாயம். இன்று நடைமுறையிலுள்ள 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-ஆம் பிரிவும் அதனையே வற்புறுத்துகிறது. நம் வண்டி மோதி ஒருவர் உயிரிழந்தாலோ ஊனமுற்றாலோ நீதிமன்றம் நிர்ணயிக்கும் இழப்பீடு முழுவதையும், எத்தனை லட்சமாயினும், காப்பீட்டு நிறுவனம் செலுத்தும். பொருட்சேதத்துக்கு மட்டும் காருக்கு ஏழரை லட்சம் ரூபாய், இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வரம்பு உண்டு. 2022 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இருசக்கர வண்டிக்கு இந்தக் காப்பின் ஆண்டுக் கட்டணம் 714 ரூபாய், 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 3,416 ரூபாய். இவற்றோடு வரி தனி. புது வண்டிக்கு மாலையும் இனிப்பும் வாங்கும் செலவு இதை மிஞ்சுவதை நாமே கண்டிருக்கிறோம்.

நிற்க. ஒரே இல்லத்தில் பல வண்டிகள் இருக்கையில் எழும் சிக்கலுக்கு வருவோம்.

குடும்பத்தில் நாம் "நம் வண்டி" என்கிறோம். ஒருவருடையதை மற்றவர் எடுத்துச் செல்கிறோம். சாவிகள் எல்லாம் வாசல் ஆணியில் ஒன்றாகத் தொங்குகின்றன. ஆனால் காப்பீட்டுப் பத்திரத்துக்குக் "குடும்பம்" என்ற சொல் தெரியாது. அது அறிந்தவை இரண்டே: ஒரு பெயர், ஒரு பதிவெண். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள பெயர் எவருடையதோ அவரோடுதான் அதன் உடன்படிக்கை. வெளிநாட்டில் வாழும் உறவினர், அங்கே வீட்டிலுள்ள எல்லாக் கார்களுக்கும் ஒரே பாலிசி எடுத்துத் தள்ளுபடி பெறுவதாகக் கூறுவதைக் கேட்டு, இங்கும் அப்படியே என்று எண்ணுவோர் உளர். நம் நாட்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2022 ஜூலையில்தான் பல வண்டிகளை ஒன்றாய்ச் சேர்க்கும் ஏற்பாட்டுக்கு அனுமதி தந்தது. அதுவும் ஒரே தனிநபருக்குச் சொந்தமான கார்களுக்கும் இருசக்கர வண்டிகளுக்கும் மட்டுமே. தந்தையின் காரையும் மகனின் பைக்கையும் அதில் கோக்க இயலாது.

இனி நாம் சொல்லுவதாகக் கூறிய அந்த நிகழ்ச்சி. குடும்பத்தினரின் அடையாளம் புலப்படாதிருக்கச் சில விவரங்களை விட்டுவிடுகிறோம்.

நாம் முன்னர்ப் பணிபுரிந்த ஒரு பங்கில், பத்தொன்பது வயது இளைஞன் ஒருவன் இருந்தான். பாடகர் குழுவில் தபேலா வாசிப்பவன். தந்தை பெயரிலிருந்த பைக்கை அவன்தான் நாள்தோறும் ஓட்டிவந்தான். ஓட்டுநர் உரிமம் முறையாகப் பெற்றிருந்தான், தலைக்கவசம் அணிந்திருந்தான், குடிப்பழக்கம் இல்லை. ஓரிரவு வேலை முடிந்து திரும்புகையில், சாலையோரம் கொட்டியிருந்த மணலில் சறுக்கிப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதினான். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அடக்கத் திருப்பலியை நாமே நிறைவேற்றினோம். அந்த பைக்குக்குத் தீர்த்தம் தெளித்தவரும் நாமே.

முப்பதாம் நாள் பூசை முடிந்தபின் அவன் தந்தை பாலிசிக் காகிதத்தை எடுத்துவந்தார். அதில் "சொந்த விபத்துக் காப்பு, 15 லட்சம்" என்றிருந்தது. மகன் படிப்புக்கென வாங்கிய கடன் பாக்கி இருந்தது. நாமும் அவரும் அலுவலகத்துக்குச் சென்றோம். மேசைக்கு அப்புறமிருந்தவர் மரியாதையாகவே பேசினார். அந்தப் பதினைந்து லட்சம் வண்டியின் பதிவு பெற்ற உரிமையாளர் ஓட்டிச் சென்று விபத்துக்குள்ளானால் மட்டுமே; மகன் உரிமையாளர் அல்லர் என்றார். அப்போதுதான் அந்தத் தந்தை கேட்டார்: "சார், வண்டி என் பேர்ல. பணம் நான் கட்டினேன். ஒரு வீட்டுக்கு ஒரு பேர் போதாதா?" அந்த மனிதரிடம் விடையில்லை. நம்மிடமும் இல்லை. திரும்பும் வழியெல்லாம் பேருந்தில் அவர் அந்தக் காகிதத்தை மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டே வந்தார்.

அலுவலர் கூறியது விதிப்படி சரியே. இந்தக் காப்பு முன்பு இருசக்கர வண்டிக்கு ஒரு லட்சமும் காருக்கு இரண்டு லட்சமுமாக இருந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் ஆணையையொட்டி 2018 செப்டம்பரில் அது 15 லட்சமாக உயர்த்தப்பட்டது; ஆண்டுக் கட்டணம் அப்போது 750 ரூபாய் என்று குறிக்கப்பட்டது. இக்காப்புக்கு மூன்று நிபந்தனைகள் உள்ளன. வண்டி அவர் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். பாலிசியும் அவர் பெயரிலேயே இருக்க வேண்டும். செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் அவரிடம் இருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பிலிருந்தாவது கேட்கலாமே என்றால், அதற்கும் வழியில்லை. பிறர் வண்டியை இரவலாக எடுத்து ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்திலேயே நிற்கிறார், அவர் மூன்றாம் நபராகார் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது.

ஆகவே இல்லத் தலைவர் ஒருவர் நான்கு வண்டிகளையும் தம் பெயரில் வைத்திருந்தால், நான்கிலும் அந்தப் பெரும் காப்பு அவருக்கே. அவருடைய பிள்ளைகளுக்கு அன்று. சிக்கனம் கருதுவோர்க்கு இதில் ஒரு நன்மை இல்லாமலில்லை. ஒரே உரிமையாளர் பல வண்டிகளுக்கும் இக்காப்பைத் தனித்தனியே வாங்க வேண்டியதில்லை. ஒரு முறை எடுத்தால் போதும் என்று 2019 ஜனவரி முதல் விதி திருத்தப்பட்டிருக்கிறது. இதனை அறியாமல் ஒவ்வொரு பாலிசியிலும் திரும்பத் திரும்பப் பணம் கட்டுவோரும் உண்டு. எல்லா வண்டிகளையும் அவரே ஓட்டுவாராயின் இந்த ஏற்பாடு மிக நன்று. ஆனால் எந்த வீட்டில் ஒரே மனிதர் நான்கு வண்டிகளை ஓட்டுகிறார்?

எந்த வண்டியை எவர் நாள்தோறும் ஓட்டுகிறாரோ, அவர் பதினெட்டு நிறைந்து உரிமமும் பெற்றவராயின், அந்த வண்டியை அவர் பெயரிலேயே பதிவு செய்வது முதல் வழி. அது இயலாதபோது, வண்டியோடு ஒட்டாத தனிநபர் விபத்துக் காப்பீட்டை அவர் பெயரில் எடுத்துவைக்கலாம். எந்த வண்டியில் சென்றாலும் அது அவரோடு செல்லும். 15 லட்சத்துக்குக் குறையாத அத்தகைய காப்பீடு உரிமையாளருக்கு இருந்தால், பாலிசியில் தனியே அக்காப்பைச் சேர்க்க வேண்டியதில்லை என்பதும் 2019-இன் திருத்தத்தில் அடங்கியதே.

இதற்கு நேர்மாறான பழக்கமும் நம்மிடையே உண்டு. ராசி என்றும் அன்பென்றும் சொல்லிக் காரை மனைவியின் பெயரில் வாங்குகிறார்கள். ராசி பார்ப்பது கிறிஸ்தவர்க்கு அழகன்று என்பது ஒருபுறமிருக்க, அந்த அம்மையாருக்கு ஓட்டுநர் உரிமமே இருப்பதில்லை. உரிமம் இல்லாத உரிமையாளருக்கு இக்காப்பு வழங்கப்படுவதில்லை. ஓட்டும் கணவரோ உரிமையாளரல்லர். பெயர் ஓரிடத்தில், கை ஓரிடத்தில், காப்பு இருவருக்குமில்லை.

பின்னிருக்கையைப் பற்றியும் ஒரு சொல். ஞாயிறுதோறும் கணவரின் பின்னால் அமர்ந்து கோவிலுக்கு வரும் தாய்மார்களை நினைத்தே இதை எழுதுகிறோம். சட்டம் கட்டாயமாக்கும் குறைந்த அளவுப் பாலிசி, வண்டியின் பின்னே அமர்ந்து வருபவரைக் கட்டுப்படுத்தாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மக்கள் "ஃபுல் இன்சூரன்ஸ்" என்று வழங்கும் முழுமைப் பாலிசியில் அவருக்கும் இடமுண்டு. பழைய வண்டிதானே என்று தேர்டு பார்ட்டி மட்டும் எடுப்போர், கட்டண விவரத்தில் பின்னிருப்பவருக்கென்று தனி வரி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளட்டும்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோரிடம் நாம் பலமுறை கோபித்திருக்கிறோம். மறைக்கல்வி வகுப்புக்கே சிலர் பைக்கில் வருகிறார்கள்! 2019-இன் திருத்தச் சட்டம் இதற்குப் பெற்றோரையும் உரிமையாளரையும் பொறுப்பாளிகளாக்கி, மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கிறது. வண்டியின் பதிவும் ஓராண்டுக்கு இரத்தாகும். அதைவிடக் கொடியது ஒன்றுண்டு. உரிமமில்லாதவரிடம் உரிமையாளர் அறிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், காப்பீட்டு நிறுவனம் அடிபட்டவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு அதனை உரிமையாளரிடமிருந்து வசூலிக்குமாறு நீதிமன்றங்கள் ஆணையிடுகின்றன. வீட்டு மனைக்கே ஜப்தி வரலாம்.

அடுத்து, இல்லந்தோறும் குழப்பம் விளைவிக்கும் "நோ கிளெய்ம் போனஸ்". இழப்பீடு கோராமல் ஓராண்டு கழிந்தால், வண்டியின் சொந்தச் சேதத்துக்கான கட்டணத்தில் 20 விழுக்காடு குறையும். பின்னர் ஆண்டுதோறும் 25, 35, 45 என வளர்ந்து 50-இல் நிற்கும். இது வண்டிக்குரிய சலுகையன்று, மனிதருக்குரியது. பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் வாங்குபவர், அதனைச் சான்றாகப் பெற்று மூன்றாண்டுக்குள் புதுக் காருக்குக் கொண்டுசெல்லலாம். ஆனால் தந்தையின் போனஸைத் தந்தை உயிரோடிருக்கையில் மகனின் காருக்கு மாற்ற வழியில்லை. கைவசமுள்ள ஒரு காரின் போனஸை மற்றொரு காருக்கு இரவல் கொடுக்கவும் இயலாது. பாலிசி காலாவதியாகித் தொண்ணூறு நாள் கடந்துவிட்டால், பல ஆண்டுப் பொறுமை ஒரே நாளில் வீண்.

சிறு கீறலுக்கெல்லாம் இழப்பீடு கோருவோர் கணக்குப் பார்ப்பதில்லை. ஒருவருடைய காரின் சொந்தச் சேதக் கட்டணம் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 50 விழுக்காடு போனஸால் அவர் செலுத்துவது 4,000. கதவில் கீறல், செலவு 3,500. 1500 சி.சி. வரையுள்ள காருக்கு முதல் 1,000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும் என்பது விதி. ஆகவே கைக்கு வருவது 2,500. போனஸ் அற்றுப்போவதால் மறு ஆண்டு கூடுதலாகச் செல்வது 4,000. பழைய நிலையை எட்ட மேலும் ஐந்து ஆண்டுகள். இப்படி லாபம் தேடுவதற்குப் பெயின்டருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பேசாதிருப்பதே மேல்.

பல வண்டிகள் இருக்குமிடத்தில் தேதி மறப்பது இயல்பு. 2018 செப்டம்பர் முதல், புதிதாக வாங்கும் காருக்கு மூன்றாண்டும் இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டும் மூன்றாம் நபர் காப்பைச் சேர்த்தே வாங்க வேண்டும். மக்கள் இதனை "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கு" என்று நம்பிவிடுகிறார்கள். சொந்தச் சேதத்துக்கான பகுதியோ பெரும்பாலும் ஓராண்டிலேயே முடிந்துவிடுகிறது. திருட்டும் அந்தப் பகுதியைச் சேர்ந்ததே. மூன்றாம் ஆண்டு வண்டி களவு போனபின் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் ஒன்றுமிராது. மறைமாவட்ட நாட்காட்டி எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. பெயர்கொண்ட விழாக்களைக் குறிப்பது போல் ஒவ்வொரு வண்டியின் இரண்டு தேதிகளையும் அதிலேயே சிவப்பு மையால் குறித்துவைக்கலாம்.

வீட்டுத் தலைவர் இறைவனடி சேரும்போது எல்லா வண்டிகளும் ஒரே பெயரில் இருப்பதன் மற்றொரு துன்பம் வெளிப்படுகிறது. பாலிசி உடனே செத்துவிடுவதில்லை. இறந்த நாளிலிருந்து மூன்று திங்கள், அல்லது அதன் தேதி முடியும்வரை, எது முந்தியதோ அதுவரை உயிருடனிருக்கும். அதற்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாரிசின் பெயருக்கு ஆர்.சி.யை மாற்றிப் பாலிசியையும் மாற்ற வேண்டும். துக்க வீட்டில் யாருக்கு இது நினைவு வரும்? முப்பதாம் நாள் பூசை, கல்லறைக்குச் சிலுவை, வங்கிக் கணக்கு, ரேஷன் அட்டை என்று நாட்கள் ஓடிவிடுகின்றன. கைம்பெண் ஒருவர் மூன்று வண்டிகளுக்கு மூன்று முறை அலைந்ததை நாம் கண்டோம். 2021 முதல், உரிமையாளர் தமக்குப்பின் வண்டி யாருக்குரியது என்று ஆர்.சி.யிலேயே நியமனதாரரைக் குறிக்க விதி இடந்தருகிறது. பதிவின்போது விட்டுப்போயிருந்தால் பின்னரும் சேர்க்கலாம்.

உறவினருக்குக் கொடுத்த பழைய வண்டியையும் மறவாதீர்கள். மைத்துனர்தானே என்று பெயர் மாற்றாமல் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்போர் பலர். ஆர்.சி.யில் எவர் பெயர் நிற்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஞாயிறன்று சிரித்த அந்த அன்பர், புதன்கிழமை மாலை மஞ்சள் பையில் காகிதங்களோடு பங்கு இல்லத்துக்கு வந்தார். மொபெட்டில்தான் வந்தார். திண்ணையில் விரித்துவைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். காரின் பாலிசியில் குறையில்லை. மகனின் பைக்குக்கு மூன்றாம் நபர் காப்பு மட்டும் மீதமிருந்தது. மற்றது முடிந்து பதினான்கு திங்களாகியிருந்தது. புது ஸ்கூட்டரின் ஆர்.சி. அவர் பெயரிலேயே வந்திருந்தது. மகளின் பெயருக்கு மாற்ற என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டார். மகன் பெயரில் விபத்துக் காப்பீடு எடுப்பதற்கு முகவரிடம் அப்போதே தொலைபேசியில் பேசினார்.

மொபெட்டின் காகிதம் பையின் அடியிலிருந்தது. இரண்டாண்டுக்கு முன்பே தேதி முடிந்திருந்தது. "வயலுக்கும் வீட்டுக்கும்தானே சாமி ஓடுது" என்றார். வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே நம் பள்ளிக்கூடம் இருப்பதை நாம் சொல்லவில்லை. அவரே சற்று நேரம் கழித்துச் சொன்னார். பின்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்க் கெபியின் அருகே நிறுத்திப் பூட்டிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தே வீடு சென்றார். வெள்ளிக்கிழமை மாலை புதுப் பாலிசியோடு வந்து அதனை எடுத்துச்செல்லும்வரை மொபெட் அங்கேயே நின்றது.